நாற்பத்தைந்து நாள் ஊசிக்கு முன்

என் தங்கைக்குத் தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் செய்து ஆண் பிள்ளை. ஏழாம் நாள் தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலை பத்து மணி இருக்கும், எங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியர் ஸ்கூட்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். நாங்கள் யாரும் சொல்லி அனுப்பவில்லை. பால்காரர் சொல்லிக் கேள்விப்பட்டாராம்.

முதலில் கை கழுவத் தண்ணீர் கேட்டார். பிறகு பிள்ளையைச் சுற்றியிருந்த துணியை விலக்கச் சொன்னார். "பச்சப்புள்ள சிஸ்டர், காத்து படும்" என்று அம்மா தயங்கினாள். சரி என்று கதவைச் சாத்திவிட்டு, புறங்கையால் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார், அப்புறம் வயிற்றை. பாதம் சில்லென்றும் வயிறு வெதுவெதுப்பாகவும் இருந்தால் பிள்ளைக்குக் குளிர ஆரம்பித்திருக்கிறது என்று பொருள். இரண்டுமே சில்லிட்டிருந்தால் உடனே கவனிக்க வேண்டிய பிள்ளை. பிறகு கைக்கடிகாரத்தில் ஒரு கண், மார்புக்கூட்டில் ஒரு கண் என்று வைத்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் எண்ணினார். வீட்டில் பேச்சு மூச்சில்லை. "நாப்பத்தெட்டு. நல்லா இருக்கான்." அறுபதைத் தொட்டிருந்தால் மறுபடியும் எண்ணுவாராம், இரண்டாம் தடவையும் அப்படியே என்றால் ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டியதுதான்.

கொப்பூழைப் பார்த்தார். கண்ணையும் உள்ளங்கையையும் பார்த்தார், மஞ்சள் இறங்கியிருக்கிறதா என்று. தங்கைக்கு பிரஷர் பார்த்தார். "ஒரு நாளைக்கு எத்தன துணி மாத்துற?" என்று கேட்டார். ஆம்பிளை இருக்கிறான் என்று தங்கை என்னைப் பார்க்க, நான் திண்ணைக்கு வந்துவிட்டேன். கடைசியில் பையிலிருந்து பதிவேட்டை எடுத்தவர் அதைத் திறக்காமலே திரும்ப வைத்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். "உன் பேரு என் லிஸ்ட்ல இருக்காதும்மா. பிக்மி மாமியார் ஊர்லதான போட்டிருக்கு?"

பிக்மி என்பது கர்ப்பிணிகளின் கணினிப் பதிவு. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம்.

யார் இந்த நர்சம்மா

'கிராம சுகாதார செவிலியர்' என்பது அரசாணையில் இருக்கும் பெயர். ஊரில் நர்சம்மா, சிஸ்டர், கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களுக்கு வி.எச்.என். சமவெளியில் 5,000 பேருக்கு ஒருவர், மலைப்பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. அவர் இருக்கும் இடம் துணை சுகாதார நிலையம். தமிழ்நாட்டில் அப்படி 8,700க்கு மேல் இருக்கின்றன. அவருக்கு மேலே பகுதி சுகாதார செவிலியர், அதற்கு மேலே சமுதாய சுகாதார செவிலியர், அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர்.

இந்த வேலை இப்படி ஆனதற்கு ஒரு பழைய கதை உண்டு. எழுபதுகளின் தொடக்கம் வரை நாட்டில் மலேரியாவுக்கு ஓர் ஆள், அம்மைக்கு ஓர் ஆள், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஓர் ஆள் என்று தனித்தனியாக வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். 1973இல் கர்த்தார் சிங் குழு, இப்படிப் பிரித்து வைத்தால் யாருக்கும் ஊர் பிடிபடாது, பல வேலைகளையும் பார்க்கும் ஒரே பணியாளர் ஆணில் ஒருவர், பெண்ணில் ஒருவர் இருக்கட்டும் என்றது. நல்ல யோசனைதான். ஆனால் எந்தப் புது வேலை வந்தாலும் 'அந்தம்மாகிட்ட குடுத்துடலாம்' என்று சொல்லும் பழக்கமும் அன்றைக்குத்தான் பிறந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் காலத்து நர்சம்மாவுக்கு இரண்டு முகம். ஒன்று, பிரசவம் பார்ப்பவர். துணை சுகாதார நிலையங்களில் பலவற்றில் இன்றும் ஒரு பிரசவ மேசை துருப்பிடித்துக் கிடக்கும். பக்கத்திலேயே அவர் குடியிருக்க ஓர் அறை. நள்ளிரவில் லாந்தரோடு வந்து கூப்பிட்டால் போக வேண்டும். ஊர் மருத்துவச்சிகளுக்கு 'ஐந்து சுத்தம்' சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்: கை, பிள்ளை விழும் இடம், கொடி அறுக்கும் பிளேடு, கட்டும் நூல், கட்டிய பிறகு கொடியின் மேல் எதுவும் பூசாமல் விடுவது. அந்த ஐந்தாவதுதான் கடைசி வரை ஏறவில்லை என்பார்கள். சாம்பலோ மஞ்சளோ வைக்காமல் விட்டால் ஏதோ குறை வைத்த மாதிரி.

இன்னொரு முகம், 'ஆபரேஷனுக்குக் கூப்பிட வர்றவ'. 1996இல் மத்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டு இலக்குகளைக் கைவிடும் வரை, ஆண்டுக்கு இத்தனை பேர் என்று அவர் தலையில் எண் எழுதப்பட்டிருந்தது. அவர் தெருமுனையில் வந்தால் பின்கட்டு வழியாகப் போன பெண்கள் உண்டு. வீட்டுக்குள் நுழைந்து துணியை விலக்கிப் பார்க்கும் உரிமை அவருக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. அந்தச் சந்தேகத்தைத் தாண்டி வந்து சம்பாதித்தது.

பிரசவம் இடம் மாறிய கதை

பிரசவம் வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் போனது ஒரே நாளில் நடக்கவில்லை. பல திருகாணிகளைப் பல ஆண்டுகளாகத் திருகினார்கள். 1987இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவி தொடங்கியபோது தொகை ரூ.300. 2006இல் அது ரூ.6,000 ஆனது, 2011இல் ரூ.12,000, 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்களோடு சேர்த்து ரூ.18,000. தொண்ணூறுகளின் நடுவில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்த பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இருக்கும் என்ற நம்பிக்கை வந்தது. அதற்குப் பிறகு அங்கே மூன்று செவிலியர்களைப் போட்டு இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்க ஏற்பாடு. அதுவரை சாயங்காலம் பூட்டிக்கொண்டு போகும் இடத்தை நம்பி யார் வலியோடு வருவார்கள்? 2008இல் 108 வந்தது. சிக்கலான பிரசவத்துக்கு மாவட்ட, வட்ட மருத்துவமனைகளில் சீமாங்க் என்ற அவசர மகப்பேறு வார்டுகள் வந்தன.

இதெல்லாம் பலருக்குத் தெரிந்தது. அதிகம் பேசப்படாத ஒன்று, பிரசவத்தில் ஒரு பெண் இறந்தால் அந்த மரணத்தை உட்கார்ந்து அலசும் வழக்கம். தமிழ்நாடு இதைத் தொண்ணூறுகளிலேயே தொடங்கிவிட்டது. ஆபத்து இருக்கிறது என்று வீட்டில் எப்போது தெரிந்தது, கிளம்ப எவ்வளவு நேரம் ஆனது, வண்டி எப்போது வந்தது, போன இடத்தில் ரத்தம் இருந்ததா, டாக்டர் இருந்தாரா என்று மணிக்கணக்கில் பின்னோக்கிப் போவார்கள். யாரையும் தண்டிக்க அல்ல, ஓட்டை எங்கே என்று தெரிந்துகொள்ள என்றுதான் ஏற்பாடு. ஆனால் மாவட்ட ஆட்சியர் முன் நிற்கும்போது, வரிசையில் கடைசியில் இருக்கும் வி.எச்.என்.னுக்கு அது விசாரணை மாதிரிதான் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற செவிலியர் அந்தக் கூட்டத்தைப் பற்றிப் பேசும்போது இன்றும் குரல் இறங்கிவிடும்.

பலன் எண்ணில் தெரிகிறது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்; நாடு முழுவதற்கும் 88.6. 2018-20 கணக்கில், உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 54 தாய்மார் இறந்தார்கள். இந்தியா முழுவதற்கும் 97. கேரளத்தில் 19 என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ரொம்பப் பெருமைப்பட்டுவிடுவோம்.

அதே கணக்கெடுப்பில் இன்னோர் எண் இருக்கிறது: தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 63.8. இது சரியா, தேவையா என்பது வேறு சண்டை. இங்கே சொல்ல வந்தது, பிள்ளையோடு வீட்டுக்குத் திரும்பும் பெண்களில் பாதிப் பேருக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் வயிற்றில் தையல் போட்ட வடுவோடு திரும்புகிறார்கள் என்பது. பேறுகாலக் கவனிப்பு வீட்டைவிட்டுப் போய்விட்டது என்று நாம் நினைக்கும் அதே நேரத்தில், வீட்டில் பார்க்க வேண்டிய கவனிப்பு கூடியிருக்கிறது.

எப்போது இறக்கிறார்கள்

2020ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாட்டின் சிசு இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 13. அதாவது ஒரு வயது முடிவதற்குள் 13 குழந்தைகள். அதில் 9, முதல் இருபத்தெட்டு நாட்களுக்குள். பன்னிரண்டு மாதத்தில் நடக்கும் மரணத்தில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு முதல் மாதத்திலேயே. உலக அளவில் பார்த்தால் அந்த முதல் மாதத்திலும் முக்கால்வாசி முதல் வாரத்தில். குறைப்பிரசவம், மூச்சுத்திணறல், கிருமித்தொற்று என்பவைதான் பெரிய காரணங்கள். முதல் நாளின் ஆபத்து மருத்துவமனையில் கழிகிறது. மிச்சம் இருப்பது வீட்டுக்கு வருகிறது.

தாய்க்கும் அப்படித்தான். ரத்தப்போக்கு பெரும்பாலும் முதல் நாளில் தாக்கும். ஆனால் ரத்த அழுத்தம் பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகும். சுகப்பிரசவமான பெண்ணை வீட்டுக்கு அனுப்பும் நேரமும் ஏறக்குறைய அதுதான். தலைவலிக்கிறது, கண் மங்கலாகத் தெரிகிறது என்று அவள் சொன்னால், தூங்கவில்லை, அதனால் இருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். பெரும்பாலும் அது தூக்கமின்மையாகவும் இருக்கும். எப்போது இல்லை என்று தெரிந்துகொள்ள, பிரஷர் பார்க்கும் கருவி ஒன்றும் அதைப் பார்க்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும்.

தடுப்பூசி அட்டவணையை இதன் மேல் வைத்துப் பாருங்கள். பிறந்தவுடன் பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி. அடுத்தது ஊரில் 'நாப்பத்தஞ்சு நாள் ஊசி' என்று சொல்வது, ஒன்றரை மாதத்தில். நடுவில் தாயும் பிள்ளையும் சுகாதார நிலையத்துக்கு வர எந்தக் காரணமும் இல்லை. வரவும் மாட்டார்கள், பச்சை உடம்பு, தீட்டு, வெளியே போகக்கூடாது. மகப்பேறு உதவித்தொகையின் தவணை எண்ணிக்கை பலமுறை மாறியிருக்கிறது, ஆனால் எப்போதும் பதிவு, பிரசவம், தடுப்பூசி என்று ஏதாவது ஒரு மைல்கல்லோடுதான் அது கட்டப்பட்டிருக்கிறது. 'நர்சம்மா மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து பார்த்தார்' என்பதோடு ஒரு ரூபாயும் கட்டப்படவில்லை. பணத்தை எங்கே கட்டுகிறோமோ அங்கே கணக்கு சுத்தமாக இருக்கும்; கணக்கு இல்லாத இடத்தில் ஆள் நல்லவராக இருந்தால் வேலை நடக்கும்.

கட்சிரோலியில் எண்ணியது

மூச்சை எண்ணும் அந்த ஒரு நிமிடத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது மகாராஷ்டிரத்தின் கிழக்கு ஓரத்தில், காடு சூழ்ந்த கட்சிரோலி மாவட்டத்தில் நடந்தது. அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி எண்பதுகளில் அங்கே 'சர்ச்' (SEARCH) என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பெரும்பாலான பிரசவங்கள் வீட்டில். மருத்துவமனைக்குப் போ என்று சொன்னால் போவதற்கு வழியும் இல்லை, வண்டியும் இல்லை, மனசும் இல்லை. சரி, அப்படியானால் கவனிப்பு வீட்டுக்குப் போகட்டும் என்று முடிவெடுத்தார்கள்.

39 கிராமங்களில், ஊருக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். ஓரளவு பள்ளிக்கூடம் போனவர்கள், அவ்வளவுதான். பிறந்த பிள்ளை மூச்சுவிடவில்லை என்றால் என்ன செய்வது, எடை பார்ப்பது, சூடு ஆறாமல் வைத்திருப்பது, கிருமித்தொற்றின் அடையாளங்கள் என்று சொல்லிக் கொடுத்தார்கள். தொற்று இருக்கிறது என்று தெரிந்து, பெற்றோர் மருத்துவமனைக்குப் போக மறுத்தால், ஜென்டாமைசின் ஊசியை அந்தப் பெண்ணே போடலாம். கைக்குழந்தைக்கு டாக்டர் அல்லாத ஒருவர் ஊசி போடுவதா என்ற கேள்வி எழாமல் இருக்குமா? ஆனால் அந்தக் காட்டுக் கிராமத்தில் அவரை விட்டால் வேறு யாரும் இல்லை.

எண்ணுவதற்கு ஒரு சின்னக் கருவியும் செய்திருந்தார்கள். ஒரு நிமிடத்தில் மணல் இறங்கும் குடுவை, பக்கத்தில் மணிகள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். மணல் தீரும் முன் குறிப்பிட்ட மணியைத் தாண்டிவிட்டால் பிள்ளைக்கு நிமோனியாவாக இருக்கலாம். பத்துக்கு மேல் எண்ணத் தெரியாதவரும் பயன்படுத்தலாம். எனக்கு இந்த மொத்தக் கதையிலும் பிடித்தது இந்தக் கருவிதான். எண்ணத் தெரியாதவரை வேண்டாம் என்று தள்ளாமல், எண்ணுவதை அவருக்குத் தக்கபடி மாற்றினார்கள்.

1999இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவுகள் வந்தன. பச்சிளங்குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 62 இருந்தது மூன்று ஆண்டில் சுமார் 25 ஆக இறங்கியிருந்தது. ஒப்பிட எடுத்துக்கொண்ட கிராமங்களோடு பார்த்தால் 62 சதவீதக் குறைவு. கிருமித்தொற்று வந்த பிள்ளைகளில் முன்பு 16.6 சதவீதம் இறந்தது. ஊசி போட ஆரம்பித்த பிறகு 2.8 சதவீதம்.

இதிலிருந்துதான் 2011இல் நாடு முழுவதும் 'வீட்டிலேயே பச்சிளங்குழந்தைக் கவனிப்பு' என்ற திட்டம் வந்தது. 2005இல் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தோடு வந்த ஆஷா என்ற ஊர்ச் சுகாதாரப் பெண் பணியாளர்கள், மருத்துவமனையில் பிறந்த பிள்ளை என்றால் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் ஆறு முறை வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டில் பிறந்தது என்றால் முதல் நாளும் சேர்த்து ஏழு. ஆறு முறையும் போய் முடித்தால் ரூ.250 என்று ஊக்கத்தொகை வைத்தார்கள். ஒரு தடவைக்கு நாற்பத்தி இரண்டு ரூபாய்கூட வரவில்லை. பெட்ரோல் விலையை வைத்துக் கணக்குப் போட்டால் சிரிப்பு வரும். 2022இல் உலக சுகாதார நிறுவனம் பத்து லட்சம் ஆஷாக்களுக்கும் சேர்த்து விருது கொடுத்தது. 2025 பிப்ரவரியில் கேரள ஆஷாக்கள் ஏழாயிரம் ரூபாய் மதிப்பூதியத்தை இருபத்தோராயிரம் ஆக்கச் சொல்லித் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்தார்கள். வேலையைச் செய்பவர் ஊழியரா, தன்னார்வலரா என்று அரசு இன்னும் முடிவு செய்யாமல் வைத்திருப்பதன் இரண்டு பக்கம் இது.

கணக்குப் போட்டால் முடியும்போலத்தான் இருக்கிறது

தமிழ்நாடு இந்த ஆஷா ஏற்பாட்டை முழுசாக எடுத்துக்கொள்ளவில்லை. மலைப்பகுதி, பழங்குடிப் பகுதிகளில் மட்டும் சில ஆயிரம் பேர். மற்ற இடங்களில், பயிற்சி பெற்ற, மாதச் சம்பளம் வாங்கும் செவிலியர் ஏற்கெனவே இருக்கிறாரே என்பது வாதம். எனக்கு இதில் பாதி உடன்பாடு. பிரஷர் பார்க்க, ஊசி போட, ஆபத்தான தாயை அடையாளம் காணத் தெரிந்தவர், வேலைக்குப் பாதுகாப்பு உள்ளவர் என்பது பெரிய விஷயம். மிச்சப் பாதி என்னவென்றால், ஆஷா ஆயிரம் பேருக்கு ஒருவர், வி.எச்.என். ஐயாயிரம் பேருக்கு ஒருவர்.

சரி, எண்ணிப் பார்ப்போம். 2020ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாட்டில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 14 பிறப்பு. ஐயாயிரம் பேருக்கு எழுபது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆறு தடவை என்றால் ஆண்டுக்கு 420 வருகை, மாதத்துக்கு 35. ஒரு நாளைக்கு இரண்டு வீடுகூட ஆகாது. முடியும்போலத்தான் இருக்கிறது.

இப்போது அவர் வாரத்தைப் பிரித்துப் பாருங்கள். புதன்கிழமை ஊசி நாள், அன்று வேறு எதுவும் ஓடாது. ஒரு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் கிளினிக். எடை, ரத்தச் சோதனை, 2007இலிருந்து எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பார்க்கும் சர்க்கரைச் சோதனை. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் உட்காரவைக்க வேண்டும்; வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு நாள் முதலிலிருந்து. ஒரு நாள் கூட்டம். மிச்ச நாட்களில் தகுதியுள்ள தம்பதியர் (பிள்ளை பெறும் வயதில் உள்ளவர்கள்) பதிவேடு, காய்ச்சல் கணக்கு, மழைக்காலத்தில் டெங்கு, பள்ளியில் குடற்புழு மாத்திரை, உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு எண் சரியில்லை என்று திரும்பிவந்த விண்ணப்பம். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தது. அதற்கென்று தனியாகப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள் என்றாலும், ஊர்க் கணக்கு என்று வந்தால் வி.எச்.என்.னிடம்தான் வந்து நிற்கிறது. ஐயாயிரம் என்ற எண்ணும் காகிதத்தில் உள்ள எண். ஊர் வளர்ந்து டவுனோடு ஒட்டிக்கொண்ட இடங்களில் அது எப்போதோ உடைந்துவிட்டது.

இவையெல்லாவற்றின் மேலும் பிக்மி. கர்ப்பிணியைப் பதிவு செய்து பன்னிரண்டு இலக்க எண் வாங்கும் கணினிப் பதிவு. அந்த எண் இல்லாமல் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுப்பது கஷ்டம் என்பதால், மருத்துவமனையே நம்பாதவர்கள்கூடப் பதிவுக்கு வந்துவிடுகிறார்கள். அந்த வகையில் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஒரு தாய் பன்னிரண்டு வாரத்துக்குள் வந்தாரா, ரத்தசோகை இருக்கிறதா, முந்தைய பிரசவம் எப்படி என்று ஒரே இடத்தில் தெரியும். ஆனால் கையில் எழுதிய பதிவேட்டை நிறுத்தாமலே கணினியும் வந்ததால், அதே தகவலை இரண்டு தடவை எழுதும் நிலை பல இடங்களில் உண்டு. ராத்திரி சாப்பாடு முடிந்து, நெட் கொஞ்சம் வேகமாக இருக்கும் நேரத்தில் உட்கார்ந்து ஏற்றுவார்கள். நம் ஊர் நர்சம்மாவின் வீட்டில் பத்தரை மணிக்கும் விளக்கு எரிந்தால் அதுதான்.

பதிவேடு ஓர் ஊரில், பிள்ளை இன்னோர் ஊரில்

என் தங்கை விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணமாகிப் போன ஊரில் மாதவிடாய் தள்ளிப்போனதும் அங்கே உள்ள வி.எச்.என். பதிவு செய்தார். ஏழு மாதம் வரை எல்லாம் அங்கேதான். வளைகாப்பு முடிந்து எங்கள் ஊர். பிரசவம், எங்கள் பக்கத்து டவுனில். மூன்றாம் மாதம் முடிந்து மறுபடி மாமியார் ஊர். தமிழ்நாட்டில் முதல் பிரசவங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் நடக்கும். இது விதிவிலக்கு கிடையாது, வழக்கமே இதுதான்.

ஆக, தாய்க்கும் பிள்ளைக்கும் மிக ஆபத்தான ஆறு வாரம், அவர்கள் பதிவேட்டில் இல்லாத ஊரில் கழிகிறது. பதிவு செய்த செவிலியருக்கு அந்தப் பெண் பெயர் தெரியும், ரத்த அளவு தெரியும், ஆனால் அவள் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறாள். போன் போட்டு "பால் குடிக்கிதா, காய்ச்சல் இருக்கா" என்று கேட்டுவிட்டுக் கட்டத்தை நிரப்ப வேண்டியதுதான். பக்கத்துத் தெருவில் இருக்கும் செவிலியருக்கோ அந்தப் பெண் வந்ததே தெரியாது. இவர்களுக்கு 'விசிட்டர் மதர்' என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். பிறந்த வீட்டுக்கு வந்தவளை விருந்தாளி ஆக்கிவிட்டது அந்தச் சொல்.

ஊர் மாறியவரைக் கணினியில் மாற்றிக்கொள்ள வழி இல்லாமல் இல்லை. ஆனால் மாற்றினால் யாருக்கு என்ன கிடைக்கும்? பதிவு செய்தவருக்கு அந்தத் தாய் தன் எண்ணிக்கையில் இருக்க வேண்டும். வந்த ஊர்ச் செவிலியருக்கு, தன்னிடம் இல்லாத ஒரு தாயைச் சேர்த்துக்கொண்டால் கூடுதல் பொறுப்பு. ஏதாவது ஆனால் அந்த அலசல் கூட்டத்தில் தான்தான் நிற்க வேண்டும். அதையும் மீறி வருகிறார்கள் என்றால் அது மனிதர்களின் நல்ல குணம், ஏற்பாட்டின் நல்ல குணம் என்று சொல்ல முடியாது.

எனக்கு ஒன்று தோன்றும். மருத்துவமனையிலிருந்து தாயையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கொண்டுவிட இலவச 102 வண்டி இருக்கிறது. எந்த ஊர், எந்தத் தெரு, எந்த வீட்டு வாசலில் இறக்கினோம் என்று ஓட்டுநருக்குத் தெரியும். அந்த ஒரு வரித் தகவல் அன்று சாயங்காலத்துக்குள் அந்த ஊர் வி.எச்.என்.னின் போனுக்குப் போனால், பால்காரரை நம்பியிருக்க வேண்டாம்.

இலங்கையில் இதே வேலையைச் செய்பவர் குடும்பநல உத்தியோகத்தர். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழி வந்தவர். ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒருவர். பிள்ளை பிறந்த முதல் பத்து நாட்களுக்குள்ளேயே வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அங்கே வேலையின் மையம். தாய்மார் இறப்பு இந்தியாவைவிடப் பல பத்தாண்டுகள் முன்பே அங்கே சரிந்ததற்கு இவர்களும் ஒரு காரணம் என்பதில் யாருக்கும் பெரிய சந்தேகம் கிடையாது. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் நம் ஊர்ச் சிக்கலைச் சொன்னபோது, "அவவுக்கு வீடு தெரியும்தானே" என்று சாதாரணமாகக் கேட்டார். எங்கள் நர்சம்மாவுக்கும் ஊரில் எல்லா வீடும் தெரியும். எந்த வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்பதுதான் தெரிய மாட்டேன் என்கிறது.

ஒரு சொம்புத் தண்ணீர்

அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்ததில் மிகப் பெரிய விஷயம் மூச்சு எண்ணியதா, பிரஷர் பார்த்ததா என்று கேட்டால், இரண்டும் இல்லை. தண்ணீர்தான். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் அதிகம் கொடுத்தால் வயிறு வைத்துவிடும் என்று எங்கள் வீட்டில் அளந்துதான் கொடுத்துக்கொண்டிருந்தோம். தங்கை உதடு வெடித்துப்போய் உட்கார்ந்திருந்தாள். பால் போதவில்லை என்று அம்மா சர்க்கரைத் தண்ணீருக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

நர்சம்மா அம்மாவைத் திட்டவில்லை. "நீங்க உரை மருந்து வச்சிருக்கீங்களா?" என்று ஆரம்பித்தார். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது, எடுத்துவந்து காட்டினாள். "இப்ப நாக்குல தடவாதீங்க, ஆறு மாசம் போகட்டும். எல்லாத்தையும் பத்திரமா வைங்க." அப்புறம் பேச்சோடு பேச்சாக, "பூண்டு, பால்சுறாப் புட்டு எல்லாம் குடுக்குறீங்கல்ல? அது பாலா மாறணும்னா தண்ணி வேணுமே. சுடுதண்ணி குடுங்க, சுடுதண்ணி உடம்புக்கு ஆகும்" என்றார். பத்தியத்துக்குள்ளேயே தண்ணீருக்கு ஓர் இடம் கண்டுபிடித்துவிட்டார். அம்மா எழுந்து போய் ஒரு சொம்பு சுடுதண்ணீர் கொண்டுவந்தாள். தங்கை ஒரே மூச்சில் குடித்தாள். சர்க்கரைத் தண்ணீர் பற்றி அதற்குப் பிறகு பேச்சே எழவில்லை.

அவர் அதற்குப் பிறகும் இரண்டு தடவை வந்தார். ஒரு தடவை கொக்கியில் தொங்கும் தராசில் பிள்ளையைத் துணியோடு மாட்டி எடை பார்த்து, பிறந்த எடையைத் தாண்டிவிட்டான் என்று சொன்னார். இன்னொரு தடவை தங்கையிடம் மட்டும் தனியாகப் பத்து நிமிடம் பேசிவிட்டுப் போனார். என்ன பேசினார் என்று இருவரும் சொல்லவில்லை, அன்று ராத்திரி அவள் அழாமல் தூங்கினாள். பதிவேட்டில் எழுத முடியாததால் ஒவ்வொரு தடவையும் தாய் சேய் நல அட்டையின் பின்பக்கத்தில் தேதியும் எடையும் பால்பாயின்ட் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நாற்பத்தைந்தாம் நாள் ஊசிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். கணினி முன் இருந்த பெண் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "டெலிவரிக்கு அப்புறம் நர்ஸ் யாரும் வீட்டுக்கு வரலையா? இதுல காலியா இருக்கே" என்று கேட்டார். தங்கை அட்டையைத் திருப்பிக் காட்டினாள். அந்தப் பெண் மூன்று தேதிகளையும் படித்துப் பார்த்தார், திரையில் எங்கேயோ தேடினார், பிறகு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்.